ஒரு அங்குலக் கயிறு

எங்கள் கடைக்குக் கயிறு வாங்க வந்தவர்களில் அளவு சொல்லிக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் ஒரு துண்டைக் கொண்டுவருவார்கள். பழைய கயிற்றிலிருந்து வெட்டிய சாண் நீளத் துண்டு. முனை பிரிந்திருக்கும், உப்புப் பூத்திருக்கும், சில சமயம் மீன் செதில் ஒட்டியிருக்கும். அதை மேசைமேல் போட்டு, "இத்த மாதிரி" என்பார்கள். பேச்சு அவ்வளவுதான்.

நான் துண்டை எடுத்து, இழுப்பறையில் இருக்கும் துணி நாடாவை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். சுற்றி வந்த நீளம் எத்தனை அங்குலமோ அதுதான் அந்தக் கயிற்றின் அளவு. ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று. குறுக்கே எவ்வளவு தடிமன் என்று நாங்கள் பார்ப்பதில்லை. கயிறு நசுங்கும், குறுக்கே அளந்தால் ஆளுக்கொரு அளவு வரும், சுற்றி அளந்தால் வராது என்று முதலாளியின் அப்பா சொல்வாராம். கப்பல் சாமான் விற்றவர்களிடம் மணிலாக் கயிற்றின் காலத்தில் அவர் கற்றுக்கொண்ட பழக்கம் அது. மணிலாவும் தேங்காய் நாரும் குறைந்து பிளாஸ்டிக் கயிறு வந்த பிறகும் நாடா மாறவில்லை. மற்ற கடைகள் எல்லாம் மில்லிமீட்டருக்குப் போய்விட்டன. எங்கள் இருப்புப் பதிவேட்டில் மட்டும் கயிறுகள் அங்குலத்திலேயே இருந்தன. அந்தப் பதிவேட்டைப் பத்தொன்பது வருடமாக எழுதிவந்தவள் நான்.

கடை ராயபுரத்தில், துறைமுகச் சுவரிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கயிறு, சங்கிலி, கப்பி, மிதவை, வலைச் சாமான் எல்லாம் உண்டு. என் வீடு திருவொற்றியூரில். என் கணவருக்கு எண்ணூரில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் மாறிமாறி வரும். காலை எட்டு இருபது பேருந்து, ஒன்பதேகாலுக்குக் கடை. நடந்ததை நாளுக்கு ஒரு பக்கம் நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். கீழே உள்ளது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் நோட்டைப் பார்த்து எழுதியது. அப்போது எனக்கு வயது நாற்பத்துநான்கு.

அந்த வருடப் பொங்கல் கழிந்து முதலாளியின் மகள் கடைக்கு வர ஆரம்பித்தாள். வணிகப் படிப்பு முடித்திருந்தாள். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. மகளை அவர் பாப்பா என்பார், நாங்களும் அப்படியே. பாப்பா முதல் வாரமே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். தொலைபேசி வயர் அதற்குள் போனது. இன்டர்நெட் ஓடும்போது தொலைபேசி வேலை செய்யாது, தொலைபேசி வேண்டுமானால் இன்டர்நெட்டை நிறுத்த வேண்டும். இந்தச் சங்கடத்தைக் கடைசிவரை எங்களால் தீர்க்க முடியவில்லை.

ஒரு மத்தியானம், வியாபாரம் இல்லாத நேரத்தில், நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினாள்.

"கடை இன்னொரு கடைக்கு விக்கிறது ஒண்ணு. கடை வீட்டுக்கு விக்கிறது ரெண்டு. வீடு வீட்டுக்கு விக்கிறது மூணு. வீடு கடைக்கு விக்கிறது நாலு. எல்லா வியாபாரமும் இந்த நாலுக்குள்ள அடங்கிடும்க்கா."

கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறிகள் போட்டாள். மூட்டை இறக்கும் எங்கள் ஆள் வந்து எட்டிப் பார்த்தார். வியாசர்பாடிக்காரர், என் வயதுதான், ஆனாலும் என்னை யக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அந்த நாலாவது இன்னா பாப்பா? வூடு கடைக்கு இன்னாத்த விக்கும்?"

"பழைய பேப்பர் போடுவீங்கல்ல?"

"அட! அப்ப எங்க வூட்லயும் ஈ-காமர்ஸ் நடந்துகினுதான் கீது."

அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே, "கம்ப்யூட்டர் இல்லாமலேயால நடத்துத?" என்றார்.

"எங்க வூட்ல கரண்டே பாதி நாளு இல்ல அண்ணாச்சி."

பாப்பா சிரித்துவிட்டு, அவர் சொல்வதில் தப்பில்லை என்றாள். இந்த நான்கு வகையும் கம்ப்யூட்டருக்கு முன்பே இருந்தவைதானாம். கம்ப்யூட்டர் செய்வது, ஒரு கட்டத்தில் இருப்பவரை இன்னொரு கட்டத்தில் இருப்பவருக்குத் தெரியப்படுத்துவது மட்டும்.

எங்கள் கடையின் பட்டியலை அவள் ஏற்றப்போகும் இணையதளம் எப்படிப்பட்டது என்று கேட்டேன். அந்தத் தளத்துக்குச் சொந்தமாகச் சரக்கு இல்லை, கிடங்கு இல்லை, விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும், அதற்குக் கட்டணம் வாங்கும் என்றாள். எனக்கு உடனே காசிமேட்டு ஏலம் நினைவுக்கு வந்தது. காலையில் படகு வந்ததும் கூடையைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள். நடுவில் நின்று விலையைக் கூவுபவருக்கு அந்தக் கூடையில் ஒரு மீனும் சொந்தமில்லை. வாங்குபவரை அவருக்குத் தெரியும், படகுக்காரரையும் தெரியும். அப்படித் தெரிந்திருப்பதற்குத்தான் அவருக்குப் பங்கு. பாப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அதேதான்க்கா, அப்படியே எழுதி வைங்க" என்றாள். எழுதிவைத்தேன்.

அவள் சொன்ன இன்னொன்றையும் எழுதிவைத்திருக்கிறேன். எந்த வியாபாரத்திலும் மூன்று நகர வேண்டும். சேதி, பணம், சரக்கு. எங்கள் மேசையில் மூன்றும் கால் மணி நேரத்தில், ஒரே இடத்தில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி நடந்துவிடும். இணையத்தில் மூன்றும் தனித்தனிப் பாதையில் போகும். சேதி ஒரு நிமிடத்தில் வரும். பணம் வங்கி வரைவோலையாகத் தபாலில் நான்கு நாளில் வரும். சரக்கு லாரியில் மூன்று நாளில் போகும். இதில் சேதிதான் சுலபம் என்று நாங்கள் அன்று நினைத்தோம்.

பட்டியல் எழுதும் வேலை எனக்கு. பிப்ரவரியில் தொடங்கி மார்ச் கடைசியில் முடித்தேன். முந்நூற்றுப் பதினெட்டுச் சாமான். பெயர், அளவு, சுருளின் நீளம், விலை என்று நான்கு பத்தி. நான் நோட்டில் எழுதித் தர, பாப்பா ஆங்கிலத்தில் தட்டுவாள். பெரும்பாலும் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். சங்கிலிக் கண்ணி, கப்பி, ஆணி எல்லாம் பதிவேட்டில் மில்லிமீட்டரில் இருந்தன, அப்படியே எழுதினேன். கயிறுகள் அங்குலத்தில் இருந்தன, அதையும் அப்படியே எழுதினேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை என்று அன்றைய பக்கத்தில் பெருமையாக எழுதியிருக்கிறேன்.

கயிற்றுச் சுருள்களை வெள்ளைச் சுவர் ஓரமாக வைத்துப் பாப்பா படம் எடுத்தாள். பின்னால் ஒன்றும் தெரியக் கூடாது, பக்கத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது, அப்போதுதான் எடுப்பாக இருக்கும் என்றாள். எடுப்பாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் விசாரணைகள் வந்தன. குஜராத்திலிருந்து ஒருவர் தினமும் குறைந்த விலை கேட்டு எழுதினார், ஒன்றும் வாங்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு வீட்டார் ஊஞ்சலுக்குக் கயிறு வாங்கினார்கள். "ரெண்டாவது டப்பா திறந்துச்சு" என்றார் எங்கள் ஆள். மே பத்தாம் தேதிவாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஒரு அங்குலக் கயிறு, இருநூற்றிருபது மீட்டர், ஒரு சுருள். அனுப்பியவர் ஒரு பெண். விசைப்படகு வைத்திருப்பதாக எழுதியிருந்தார்.

ஒரு அங்குலக் கயிறு என்றால் எங்களுக்கு வலையின் மேல்விளிம்பில் கோக்கும் கயிறு. படகுக்காரர்கள் எப்போதும் வாங்குவது. சந்தேகப்பட ஒன்றும் இல்லை. வரைவோலை வந்தது, நானே சுருளை எடுத்துக் கொடுத்தேன், எங்கள் ஆள் சாக்கில் தைத்து லாரி அலுவலகத்தில் போட்டுவிட்டு வந்தார்.

மே கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் பாப்பா இன்டர்நெட்டை நிறுத்தியிருந்தாள்.

"கயித்துக் கடைங்களா? நாகப்பட்டினத்துலேர்ந்து பேசுறேன். காலையிலேர்ந்து அடிக்கிறேன், லைனே கெடைக்கல. ஏங்க, நங்கூரத்துக்குக் கயிறு கேட்டா, துணி காயப்போடக் கயிறு அனுப்பியிருக்கீங்களே?"

நான் ஆர்டர் தாளை எடுத்துப் பார்த்தேன். "ஒரு அங்குலம்னுதானேம்மா போட்டிருக்கீங்க?"

"ஒரு அங்குலந்தாங்க போட்டேன். இது சுண்டுவிரல் தண்டிகூட இல்லையே. இத ஒரு அங்குலம்னு எந்த ஊர்ல சொல்வாங்க?"

ராயபுரத்தில் சொல்வோம். இழுப்பறையைத் திறந்தேன், நாடா இருந்தது. மேசைமேல் கிடந்த ஒரு துண்டை எடுத்து, முதல்முறையாக, மர அளவுகோலை அதன் குறுக்கே வைத்துப் பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர். அந்த அம்மா கேட்டது கட்டைவிரல் தடிமனுக்கும் கொஞ்சம் கூடுதலான கயிறு. எங்கள் கணக்கில் அது மூன்று அங்குலம்.

"விலை பாத்தப்பவே யோசிச்சேன், என்ன இவ்வளவு சல்லிசா இருக்குன்னு," என்றார் அவர். "கம்ப்யூட்டர்ல வாங்குனா சல்லிசாத்தான் இருக்கும்னு பிரவுசிங் சென்டர்ல சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, கையில புடிச்சுப் பாக்காத கயித்த வாங்காதடின்னு. நான்தான் கேக்கல."

தப்பு எங்களுடையது, சரியான சுருளை அனுப்புகிறோம் என்றேன்.

"எப்ப வரும்? வெள்ளிக்கிழமை விடியக்காலம் படகு எறங்கணும்ங்க."

அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை நாற்பத்தைந்து நாள். அது முடியும் விடியலில்தான் எல்லாப் படகும் ஒன்றாக இறங்கும். நாற்பத்தைந்து நாள் வருமானம் இல்லாமல் இருந்தவர்கள் முதல் நாளை விடமாட்டார்கள்.

"ஏழு பேரு ஆளு. நங்கூரக் கயிறு இல்லாத படகுல எவன் ஏறுவான்? பழசு இத்துப்போச்சுன்னுதான் புதுசே கேட்டேன். இங்க கடையில தண்டிக் கயிறெல்லாம் தீந்துபோச்சு, அடுத்த லோடு சனிக்கிழமைன்றான். பக்கத்துப் படகுக்காரன் இப்பவே எங்க ஆளுங்களக் கூட்டிவச்சு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கான். போனாங்கன்னா இந்த சீசனுக்குத் திரும்ப மாட்டாங்க."

குரல் உயரவில்லை. கடைசியில் மட்டும், "நான்தாங்க ஆர்டர் போட்டேன்" என்று இன்னொரு தரம் சொன்னார்.

தொலைபேசியை வைத்துவிட்டு அண்ணாச்சியிடம் சொன்னேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கயித்த அனுப்புனிய. நாடாவ அனுப்பலியே," என்றார்.

"அப்பா, அக்கா எழுதினதை நான் அப்படியே டைப் பண்ணிட்டேன். கேட்டிருக்கணும்," என்றாள் பாப்பா.

"எழுதினது நான்," என்றேன்.

லாரி அலுவலகத்துக்கு எங்கள் ஆள் போய் வந்தார். "சீக்கிரம்னாலும் சனிக்கெயமதான்றான் யக்கா. ஒரே பேஜாரு."

மூன்று அங்குலச் சுருள் கிடங்கில் ஒன்று இருந்தது. ஐம்பத்தேழு கிலோ. நாளைக் காலைப் பேருந்தில் நானே எடுத்துப்போகிறேன் என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார்.

"நீங்க எப்படிம்மா தூக்குவிய?"

"யக்கா எதுக்குத் தூக்கணும், நான் இன்னாத்துக்குக் கீறேன்?" என்றார் எங்கள் ஆள். "நாகப்பட்னம் நான் பாத்ததே இல்ல."

புதன் விடியற்காலை கடையிலிருந்து மீன்பாடி வண்டியில் சுருளைப் போட்டுக் கோயம்பேடு போனோம். வெளியூர்ப் பேருந்து நிலையம் அங்கே மாறி ஆறேழு மாதந்தான் ஆகியிருந்தது. "முன்னாடி பாரீஸ் கார்னர்லயே ஏறிக்கலாம், தோ கூப்பிடு தூரம். இப்ப பாரு, நாகப்பட்னத்துல பாதி தூரம் கோயம்பேட்டுக்கே போவணும்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நடத்துநர் சுருளைக் கண்டதும் கையை ஆட்டினார்.

"யோவ், இன்னாய்யா இது, மலைப்பாம்பா?"

"ஆமா நைனா. நாகப்பட்னத்துல தேர் இழுக்கப் போறோம்."

"இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும். ரெண்டு."

"மூணு போடு. ஆனா மேல கட்டும்போது நான்தான் கட்டுவேன். கயிறு கட்றது எங்க தொழிலு."

பேருந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்பியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் இறங்கிப் பின்பக்க ஏணியில் ஏறிச் சுருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். கடலூரில் டீ குடித்தோம். சிதம்பரம் தாண்டியதும், வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி,

"யக்கா, ஒன்னு கேக்கவா? பாப்பா போட்ச்சே நாலு டப்பா. இப்ப நாம எந்த டப்பால கீறோம்?" என்றார்.

யோசித்தேன். படகும் ஒரு தொழில், கடையும் ஒரு தொழில். "ஒண்ணாவதுல."

"அந்தப் படத்துல பஸ்ஸு இல்லியே."

"டப்பாவுக்கு நடுவுல அம்புக்குறி போட்டிருந்தாளே."

"ஆமா."

"அதுதான் நாம."

அவர் தலையைத் தூக்கிப் பேருந்தின் கூரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "அவ்ளோ சின்னதாப் போட்டுச்சே பாப்பா," என்றார்.

நாகப்பட்டினத்தில் இறங்கியபோது மணி இரண்டரை. அந்த அம்மா பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, கையில் ஒரு மஞ்சள் பை. கூரையிலிருந்து சுருள் இறங்கும்போதே ஓடிவந்து இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். விரல் நுனிகள் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. "இதாங்க," என்றார். "இதத்தான் கேட்டேன்." மஞ்சள் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். இற்றுப்போன பழைய நங்கூரக் கயிற்றில் வெட்டியது. ஒருவேளை இந்த முறையும் தப்பாகிவிட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்தாராம்.

படகுத் துறையில் அவர் கணவர் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. சுருளை அவர்முன் இறக்கியதும் முனையை எடுத்து முறுக்கைப் பிரித்தார், ஒரு புரியைத் தனியாக இழுத்துப் பார்த்தார், மறுபடி முறுக்கினார். அடுத்த படகின் மேல் நின்று ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்று அந்த அம்மா கண்ணால் காட்டினார்.

"சரக்கு சரியாத்தான் இருக்கு," என்றார் கணவர். பிறகு என்னைப் பார்த்து, "மொதல்ல அனுப்புனது என்ன கணக்கு?" என்று கேட்டார்.

நான் கைப்பையிலிருந்து நாடாவை எடுத்துக் கயிற்றைச் சுற்றிக் காட்டினேன். மூன்று அங்குலம். அவர் நாடாவை வாங்கித் தன் மணிக்கட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப உங்க ஊருக் கணக்குல நான் ஏழு அங்குல ஆளு."

அந்த அம்மா அப்போதுதான் சிரித்தார்.

"தடிமன எப்படி அளப்பீங்க நீங்க?" என்று கேட்டேன்.

"அளக்கறதில்லம்மா. கடைக்குத் துண்டு கொண்டுபோவோம்."

எங்கள் ஆள் எனக்குக் கேட்கும்படி முனகினார்: "இத்த மாதிரி."

அந்த ஏழு பேரில் ஐந்து பேர் துறையிலேயே இருந்தார்கள். இரண்டு பேர் காலையிலேயே பையைத் தூக்கி அடுத்த படகில் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். நங்கூரத்தில் புதுக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்ததும் அவர்களில் ஒருவர் பையோடு திரும்பி வந்தார். அவர் வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் வரவில்லை. அவர் இளைஞர், அந்த அம்மாவுக்குத் தம்பி முறை. அடுத்த படகின் பின்பக்கம் முதுகைக் காட்டியபடி நின்றார்.

"வருவானா?" என்றேன்.

"போனவன் போனவன்தாங்க," என்றார் அந்த அம்மா. "அங்க கைநீட்டி முன்பணம் வாங்கிட்டான். திருப்பிக் குடுத்தா அசிங்கம்னு நெனைப்பான்."

ஒரு நாள் முன்னால் அந்தச் சுருள் வந்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார். பதிவேட்டில் நான் பத்தொன்பது வருடம் எழுதிய ஒரு எண்ணுக்கு இப்படி ஒரு விலை உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மெல்லிய சுருளைத் திருப்பி எடுத்துப்போகிறோம் என்றபோது அந்த அம்மா மறுத்துவிட்டார். வலைக்கு ஆகும், இருக்கட்டும் என்றார். வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். "தடையில வேற என்ன இருக்கும்" என்று சிரித்தபடியே போட்டார். மாலைப் பேருந்தில் திரும்பினோம். இந்த முறை எங்கள் ஆள் எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை, தூங்கிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மதியம் கடைக்குப் போனேன். நானும் பாப்பாவும் கயிறுகளின் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தோம். இருபத்துமூன்று கயிறு. ஒவ்வொன்றையும் நாடாவால் சுற்றியும் அளந்தோம், குறுக்கேயும் அளந்தோம். இரண்டையும் எழுதினோம். படங்களைத் திரும்ப எடுத்தோம். மெல்லியதும் தடித்ததும் பழைய படங்களில் ஒரே மாதிரி இருந்ததை அப்போதுதான் இருவரும் கவனித்தோம். பக்கத்தில் ஒன்றும் இல்லாத சுருள் எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்? தீப்பெட்டி வைத்துப் பார்த்தோம், சரியாக வரவில்லை. கடைசியில் எங்கள் ஆளைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னோம். இருபத்துமூன்று படத்திலும் அவர் கை.

"மூஞ்சி வராதா பாப்பா?"

"கை மட்டும் போதும்ணா."

"சோப்பு போட்டுக் கயுவிகினு வரேன், இரு. கலீஜா கீது. ஒலகம் பூரா போற கையி."

அண்ணாச்சி கல்லாவிலிருந்து, "மோதிரம் வேணுமால?" என்றார்.

பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். சந்தேகம் இருந்தால், பழைய கயிற்றில் ஒரு விரல் நீளம் வெட்டி, ஆர்டர் எண்ணை எழுதி, உறையில் போட்டுத் தபாலில் அனுப்புங்கள் என்று. பாப்பா முதலில் தயங்கினாள். ஒரு நிமிடத்தில் வரும் சேதிக்காக மூன்று நாள் தபாலுக்குக் காத்திருப்பது தலைகீழாக இல்லையா என்றாள். பிறகு தானே தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு இன்டர்நெட்டைப் போட்டதும் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். பாப்பா படித்தாள்: "படகு எறங்கிடுச்சுங்க. ஆறு பேரு. கயிறு நல்லா இருக்கு." அவ்வளவுதான். அந்த மூன்று வரியையும் அச்சடித்து வாங்கி நோட்டில் ஒட்டிவைத்தேன். இன்றும் இருக்கிறது, மை மங்கிவிட்டது. அன்றைய பக்கத்தில் அதன் கீழே நான் எழுதியிருப்பது ஒரே ஒரு சொல்: ஆறு.

உறைகள் ஜூன் கடைசியிலிருந்து வர ஆரம்பித்தன. கடலூர், மண்டபம், ஒன்று மங்களூரிலிருந்தும். சிலர் விரல் நீளம் என்றதைச் சரியாக விரல்மேல் வைத்து வெட்டியிருந்தார்கள், சிலர் முழ நீளத்தை மடித்துத் திணித்திருந்தார்கள். தபால்காரர் உறையை முகர்ந்து பார்த்துவிட்டு, "கருவாடா?" என்று கேட்பார். நான் துண்டை எடுத்து, சுற்றியும் குறுக்கேயும் அளந்து, ஆர்டர் தாளோடு குண்டூசியில் குத்தி வைப்பேன். அந்த வருடம் முடிவதற்குள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் துண்டுகள் சேர்ந்தன. ஒரு சுருளும் தவறிப் போகவில்லை.

அடுத்த வருடத் தடைக்காலத்தின் முதல் வாரத்தில் நாகப்பட்டினத்து முத்திரையோடு ஓர் உறை வந்தது. இந்த முறை முன்கூட்டியே, இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே. கணினியில் ஆர்டர் எதுவும் வந்திருக்கவில்லை. உறைக்குள் போன வருடத்தைவிடத் தடித்த ஒரு துண்டு மட்டும் இருந்தது. ஆண் கையெழுத்தில், பென்சிலால் எழுதிய சின்னக் காகிதத்தை அதைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் இருநூற்றிருபது மீட்டர், நான்கு அங்குலம், உங்கள் ஊர்க் கணக்கு என்று இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஏழு பேர் என்று எழுதியிருந்தது.

நாடாவைச் சுற்றிப் பார்த்தேன். நான்கு அங்குலம் சரியாக இருந்தது.